நம்பர் தெரியுமா?

"எங்க தாத்தா பர்மா சண்டையில போயிட்டாரு."

நீலகிரியில் பட்டாளத்து வீடு ஒன்றில் உட்கார்ந்து கேட்டால் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான் மிச்சம் இருக்கும். எந்த வருஷம் என்றால், "ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப" என்பார்கள். எந்த ரெஜிமெண்ட் என்றால், "மெட்ராஸ் பட்டாளம்தான்". எப்படி இறந்தார், எங்கே எரித்தார்கள் அல்லது புதைத்தார்கள் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். தந்தி வந்தது, பாட்டி தாலியைக் கழற்றினார், கொஞ்ச காலம் பென்ஷன் வந்தது. டிரங்குப் பெட்டியில் மெடல் ஒன்று கிடந்தது, அதைச் சின்னப் பையன்கள் விளையாட எடுத்துத் தொலைத்துவிட்டார்கள். முடிந்தது கதை.

இத்தனைக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் தலைமையகம் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில்தான் இருக்கிறது. ஜக்கதளா என்ற படுகர் ஊரின் அருகே 1850-களில் வெள்ளைக்காரன் கட்டிய பாரக்ஸ் அது. இன்று ஸ்ரீநாகேஷ் பாரக்ஸ். காலையில் அணிவகுப்பு மைதானத்தில் 'தம்பி'கள் என்று அழைக்கப்படும் சிப்பாய்கள் எழுப்பும் முழக்கம் எதிர் மலைத் தேயிலைத் தோட்டம் வரை கேட்கும். ரெஜிமெண்டின் ஆவண அலுவலகமும் இங்கேதான். போரில் செத்த ஒரு சிப்பாயைத் தேடுகிறவர் முதலில் எட்டிப் பார்க்க நினைக்கும் இடமும் இதுதான். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி பெயர் அல்ல. நம்பர்.

பட்டாளத்துக் காகிதங்கள் நம்பரின்மேல் நடப்பவை. பெயர் அதற்குத் துணை. 1940-களில் ஆள் எடுத்த குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயர் அது. ஒரே முனுசாமி மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பார். ஒரே பட்டாலியனில் பத்து முனுசாமிகள் இருப்பார்கள். முன்னெழுத்து இருக்காது, சிலருக்கு அப்பா பெயரே கடைசிப் பெயராகிவிட்டிருக்கும். நம்பர் ஒருவருக்கு ஒன்றுதான்.

அந்த நம்பர் வீட்டில் எங்கே இருக்கும்? பே-புக் இருந்தால் முதல் பக்கத்தில். பென்ஷன் தாள் இருந்தால் அதில். இரண்டும் இல்லை, வட்ட மெடல் மட்டும் இருக்கிறது என்றால், அதன் முகத்தை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள். ஜன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சம் சாய்ந்து விழும்படி பிடித்து மெதுவாகச் சுற்றினால், நாணயத்தின் ஓரம் போன்ற அந்தப் பட்டையில் மிகச் சின்ன எழுத்துகள் தெரியும்: நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு. இரண்டாம் உலகப் போருக்கான மெடல்களை பிரிட்டிஷ் ராணுவம் தன் ஆட்களுக்கு எழுத்தில்லாமலே கொடுத்தது. இந்திய ராணுவத்தாருக்குப் பெயர் பொறித்துக் கொடுத்தார்கள். நமக்குச் சாதகமாக அமைந்த வெகு சில விஷயங்களில் இது ஒன்று. முதல் உலகப் போர் மெடல்களிலும் விளிம்பில் பெயர் உண்டு. ஆனால் அவற்றில் ஒன்று வெள்ளி. கஷ்ட காலத்தில் எத்தனை வீட்டில் அது தட்டான் கடைக்குப் போய்க் கொலுசானதோ!

விளிம்பில் 'மெட்ராஸ் ரெஜிமெண்ட்' என்றுதான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பல வீடுகளுக்கு ஆச்சரியம் காத்திருப்பது இங்கேதான். இரண்டாம் போரில் தெற்கிலிருந்து போனவர்களில் ஏராளமானோர் துப்பாக்கி ஏந்திய காலாட்படையில் இல்லை. சாலை போட்ட பயனியர் கோர், பாலம் கட்டிய சாப்பர்ஸ், லாரி ஓட்டிய சப்ளைப் பிரிவு, ஆஸ்பத்திரிப் பிரிவு என்று பரவிக் கிடந்தார்கள். 'மெட்ராஸ் பட்டாளம்' என்று வீட்டில் சொன்னது மெட்ராஸிலிருந்து போன பட்டாளம் என்ற பொருளில். அப்படியானால் வெலிங்டனில் தேடிப் பயனில்லை. சாப்பர்ஸ் என்றால் பெங்களூர், பீரங்கிப் படை என்றால் நாசிக், மருத்துவப் பிரிவு என்றால் லக்னோ. வாசல் தெரியாமல் தட்டித் தட்டி அலுத்துப்போனவர்கள்தான் அதிகம்.

மானெக்ஷாவும் ஷேர் சிங்கும்

ஊட்டியில் பார்சி கல்லறைத் தோட்டத்தில் ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்ஷாவின் சமாதி இருக்கிறது. குன்னூரில் 'ஸ்டாவ்கா' என்ற வீட்டில் வாழ்ந்து, 2008 ஜூன் 27-ம் தேதி வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானவர். அவர் வாழ்க்கை 1942 பிப்ரவரி 22-ம் தேதியே முடிந்திருக்க வேண்டியது. பர்மாவில் சிட்டாங் பாலத்தருகே ஜப்பானியர் சுட்ட குண்டுகள் வயிற்றில் பாய்ந்து விழுந்தார் அந்த இளம் கேப்டன். பிழைக்க மாட்டார் என்று நினைத்த கோவன் என்ற அதிகாரி, செத்தவருக்கு மிலிட்டரி கிராஸ் கொடுக்க முடியாது என்பதால் தன் மார்பிலிருந்த பட்டையையே கழற்றி அவருக்குக் குத்தினார் என்பது ராணுவத்தில் எல்லோரும் சொல்லும் கதை. அவரைத் தூக்கிச் சென்று டாக்டரிடம் சேர்த்தது ஷேர் சிங் என்ற ஆர்டர்லி.

ஷேர் சிங்கின் பெயர் இன்று நமக்குத் தெரிவதற்கு ஒரே காரணம், அவர் தூக்கிச் சென்றவர் பின்னாளில் மானெக்ஷா ஆனார் என்பது. மறுநாள் அதிகாலை அந்தப் பாலத்தைத் தகர்த்தபோது ஆற்றின் அக்கரையிலேயே படையின் பெரும்பகுதி சிக்கிக்கொண்டது. நீந்தினார்கள், மூழ்கினார்கள், பிடிபட்டார்கள். அவர்களில் சிப்பாய்கள் யார் யார்? படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் லண்டனில் கியூ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அன்றன்றைய நிகழ்ச்சிகளை எழுதிய தாள்கள் அவை. அதிகாரி செத்தால் பெயர் எழுதுவார்கள். சிப்பாய் செத்தால் எண்ணிக்கை எழுதுவார்கள்: 'இந்தியச் சிப்பாய் 3'. தேதி, இடம், நடந்த சண்டை எல்லாம் அதே பக்கத்தில் துல்லியமாக இருக்கும். செத்தவர் மட்டும் எண்ணாக இருப்பார். அதனால்தான் வேறு வழியில் இறந்த தேதியைக் கண்டுபிடித்துவிட்டு, அந்தத் தேதிக்குரிய பக்கத்தைத் திறக்க வேண்டும் என்கிறார்கள் அனுபவசாலிகள். அந்த மூன்றில் ஒன்று நம் தாத்தா.

ஊட்டியில் உருவான ஒரு கருத்து

முதல் உலகப் போருக்குப் போனவரைத் தேடினால் சிக்கல் இன்னும் ஆழம். அந்தச் சிக்கலின் ஒரு வேர் ஊட்டியிலேயே இருக்கிறது.

1881 முதல் 1885 வரை மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர் பிரெடரிக் ராபர்ட்ஸ். ஆப்கானிஸ்தான் போரில் பெயர் வாங்கி வந்தவர். வெயில் காலத்தில் மாகாண அரசாங்கமும் தளபதியும் ஊட்டிக்கு ஏறிவிடும் வழக்கம் இருந்த காலம். அந்த நான்கு ஆண்டுகளில் ராபர்ட்ஸ் ஒரு முடிவுக்கு வந்தார்: மதராஸ் சிப்பாய் சண்டைக்கு லாயக்கில்லாதவன். தெற்கில் நீண்ட காலம் சண்டையே இல்லாததால் அவன் மழுங்கிப்போனான் என்பது அவர் வாதம். பிறகு 1885-ல் இந்தியாவுக்கே தலைமைத் தளபதியானார். வடக்கிலும் வடமேற்கிலும் 'போர்க்குடிகள்' என்று சிலரைப் பொறுக்கி எடுப்பது கொள்கையாயிற்று. மதராஸ் பட்டாலியன்கள் ஒன்றொன்றாகக் குறைந்தன, அல்லது வேறு பகுதி ஆட்களால் நிரப்பப்பட்டன. மீதி இருந்தவற்றுக்கு நல்ல ஆயுதமும் போர் அனுபவமும் கிடைக்கவில்லை. பயிற்சி கொடுக்காமல் வைத்திருந்து, பயிற்சி இல்லாதவன் என்று பழித்த கதை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பழிக்குச் சாட்சி போலவே அமைந்தது தாங்கா. இன்றைய தான்சானியாவின் துறைமுகம். 1914 நவம்பர் தொடக்கத்தில், அன்றைய ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவைப் பிடிக்க இந்தியாவிலிருந்து சுமார் 8,000 பேர் கப்பலில் போனார்கள். அதில் மதராஸ் மாகாணத்தின் 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் 61-வது பயனியர்ஸும் உண்டு. வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டு, குமட்டலில் வாடி வந்த ஆட்கள். அவர்களை இறக்குவதற்கு முன்பே ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் துறைமுகத்துக்குள் போய் ஊரைச் சரணடையச் சொல்லிவிட்டு வந்தது. எதிரிக்கு அதைவிட நல்ல முன்னறிவிப்பு வேண்டுமா? லெட்டோவ்-ஃபோர்பெக் என்ற ஜெர்மன் தளபதி ரயிலில் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அவரிடம் இருந்தது சுமார் ஆயிரம் பேர். நவம்பர் 4-ம் தேதி இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே புதரும் ரப்பர் தோட்டமுமாக இருந்த நிலத்தில் நம் ஆட்களை நடக்கவிட்டார்கள். பாளையங்கோட்டைப் படை சிதறி ஓடியது. வெடிச் சத்தத்தில் கலைந்த தேனீக்கள் இரு தரப்பையும் கொட்டித் தீர்த்தன. அடுத்த நாள் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் கரையிலேயே விட்டுவிட்டு எல்லோரும் கப்பல் ஏறினார்கள். திட்டமிட்ட தளபதி ஐட்கென் பதவி இழந்தார்.

ஆனால் நூறு வருஷமாகப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருவது சிப்பாய்கள் ஓடியதுதான். அந்தக் காட்சியைக் காரசாரமாக எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் அந்தப் படையின் உளவு அதிகாரி ரிச்சர்டு மெய்னர்ட்ஸ்ஹாகன். மதராஸ் சிப்பாய்களை அவர் நாட்குறிப்பு போல் இழித்துப் பேசியது வேறில்லை. இவர் யார் தெரியுமா? பறவை ஆராய்ச்சியாளர் என்ற பெயரில் அருங்காட்சியகங்களிலிருந்து பறவைத் தோல்களைத் திருடி, பிடித்த இடத்தை மாற்றி எழுதித் தன் சேகரிப்பாகக் காட்டியவர். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் அது அம்பலமாயிற்று. 2007-ல் பிரையன் கார்ஃபீல்டு எழுதிய புத்தகம், அந்த நாட்குறிப்புகளிலேயே பல பகுதிகள் பின்னாளில் இட்டுக்கட்டியவை என்று காட்டியது. தாங்காவில் யாரும் ஓடவில்லை என்று நான் சொல்லவில்லை. ஓடினார்கள், வேறு சாட்சிகளும் உண்டு. ஆனால் அங்கே செத்த ஒரு தமிழ்ச் சிப்பாயின் பேரப்பிள்ளை இன்று அவரைப் பற்றி அறிய ஒரு புத்தகத்தைப் புரட்டினால், ஒரு புளுகரின் ஏளனம்தான் முதலில் எதிரே வரும். தேடுகிறவர் அதைக் கடந்து போகத் தயாராக இருக்க வேண்டும்.

போர் முடிந்ததும் நடந்ததுதான் ஆவணங்களுக்கு விழுந்த பெரிய அடி. 1920-களில், சிக்கனம் என்ற பெயரில், மதராஸ் காலாட்படையை முழுவதுமாகக் கலைத்தார்கள். 1928-க்குள் நிரந்தரப் பட்டாலியன் ஒன்றுகூட இல்லை. மறுபடி மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்ற பெயர் எழுந்தது இரண்டாம் உலகப் போரில், 1940-களின் தொடக்கத்தில். வெலிங்டனுக்கு அதன் மையம் வந்தது 1947-ல். நடுவில் பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் வாரிசே இல்லாத சொத்து மாதிரிக் கிடந்தது அந்தப் பழைய பட்டாலியன்களின் நினைவு. ரெஜிமெண்ட் தொடர்ந்து இருந்தால் ஆவணப் பெட்டியும் மெஸ்ஸில் தொங்கும் படமும் தொடர்ந்து வரும். கலைக்கப்பட்ட பட்டாலியனின் நாமினல் ரோலை, அதாவது பெயர்ப் பட்டியலை, யார் பாதுகாப்பார்கள்?

பஞ்சாபைப் பாருங்கள். முதல் உலகப் போரில் பணியாற்றிய சுமார் 3,20,000 பஞ்சாப் ஆட்களின் விவரம், கிராமவாரியாக எழுதப்பட்ட பேரேடுகள், லாகூர் அருங்காட்சியகத்தில் தூங்கிக்கொண்டிருந்தன. 2021-ல் அவற்றை மின்னுருவாக்கி வெளியிடத் தொடங்கினார்கள். லண்டனில் இருக்கும் சர்தார்ஜி தன் கொள்ளுத்தாத்தாவின் பெயரை ஊர் பெயரைத் தட்டியே எடுத்துவிடுகிறார். தமிழ்நாட்டில் அதற்கு ஈடாக நம் கையில் இருப்பது கல். போருக்குப் பின் ஊர் ஊராகப் பதித்த கல்வெட்டுகள்: இவ்வூரிலிருந்து இத்தனை பேர் மகா யுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் உள்ள கணக்கு 277, அதில் செத்தவர் 14. கல்லில் பெயர் ஒன்றுகூடக் கிடையாது.

பாஸ்ராவிலும் நடந்தது அதேதான். மெசபடோமியாவில், இன்றைய இராக்கில், மெட்ராஸ் சாப்பர்ஸ் உட்பட இந்தியப் படைகள் பல்லாயிரம் பேரை இழந்தன. அங்கே எழுப்பிய நினைவுச் சுவரில் பிரிட்டிஷ் சிப்பாய் முதல் இந்திய சுபேதார் வரை பெயர் இருந்தது. இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்கு மட்டும் ரெஜிமெண்ட் பெயருக்குக் கீழே எண்ணிக்கை. பிரான்ஸில் நூவ் ஷாப்பேல் நினைவிடத்தில் இந்தியச் சிப்பாய்களின் பெயர்களைத் தனித்தனியே வெட்டினார்கள். வெள்ளைக்காரர்கள் வந்து பார்க்கும் இடம் அது. 2021 ஏப்ரலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியா, ஆப்பிரிக்கா, எகிப்து ஆகிய இடங்களைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாமல் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லியோ அல்லது அறவேயோ நினைவுகூரப்படவில்லை என்றும் அது ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இறந்தவருக்கு அந்தஸ்து, இனம், மதம் பார்க்கக் கூடாது என்பது அந்த ஆணையம் தனக்கே விதித்துக்கொண்ட அடிப்படை விதி என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தேடத் தெரிந்தால் கிடைக்கிறவர்கள்

இரண்டாம் போருக்கு வந்தால் நிலைமை எவ்வளவோ தேவலை. செத்த சுமார் 87,000 இந்தியர்களின் பட்டியலைத் தனித்தனிப் பெயராக ஆணையம் வைத்திருக்கிறது, இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பெயரைத் தட்டினால் குழப்பம்தான் வரும். பதிவின் கடைசியில் கூடுதல் தகவல் என்று ஒரு பகுதி உண்டு: இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர், இன்ன மாவட்டம். அந்தப் பகுதிக்குள் 'நீலகிரி' என்று தேடிப் பாருங்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டல் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். தோட்ட லயத்திலிருந்து போனவர் என்றால் பூர்வீக ஊரின் பெயர் கொடுத்திருக்கக்கூடும். சேலம், திருச்சி, கோயம்புத்தூர் மாவட்டங்களையும் விடக்கூடாது.

கல்லறை தேடிப் போகிறவர்கள் ஏமாறுவது இன்னோரிடத்தில். இந்துவாக இருந்தால் கல்லறை இருக்காது, எரித்திருப்பார்கள். இம்பாலில் எரியூட்டப்பட்டோருக்கென்றே ஒரு நினைவிடம் இருக்கிறது, அதில் 868 பெயர்கள். யாங்கூன் அருகே தாவ்க்யான் நினைவிடத்தில் உடலே கிடைக்காதவர்களின் பெயர்கள் சுமார் 27,000. நீலகிரி உட்பட உள்நாட்டுக் கண்டோன்மென்ட் கல்லறைகளில் முதல் போர்க் காலத்தில் புதைக்கப்பட்ட பலருடைய பெயர்களை, அந்தக் கல்லறைகளைப் பராமரிக்க முடியாது என்று சொல்லி, சென்னை நந்தம்பாக்கத்து நினைவுச் சுவருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உடல் ஓரிடம், பெயர் ஓரிடம்.

எல்லா விவரமும் முழுசாகக் கிடைக்கும் சிப்பாய்களும் உண்டு. சுபேதார் சுப்பிரமணியம் அப்படி ஒருவர். காஞ்சிபுரம் பக்கம் கீழ் ஒட்டிவாக்கத்துக்காரர், மெட்ராஸ் சாப்பர்ஸ். 1944 பிப்ரவரி 24-ம் தேதி இத்தாலியில் மின்யானோ அருகே கண்ணிவெடி அகற்றும் வேலையில், உடன் வந்தவர் காலடியில் வெடி தூண்டப்பட்டது. வெடிக்கச் சில நொடிகளே இருந்தன. அதன்மேல் பாய்ந்து தன் உடலால் மூடினார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். அதற்காக அவருக்கு ஜார்ஜ் கிராஸ் அளிக்கப்பட்டது. நாள், இடம், நொடி வரை நமக்குத் தெரிவதற்குக் காரணம் விருதுக்கு எழுதப்பட்ட சான்றுரை. அதே மாதத்தில் இத்தாலியில் காய்ச்சலில் செத்த சிப்பாய்க்குச் சான்றுரை எழுத யாருக்கும் அவசியம் வரவில்லை.

காகிதம் கைவிட்ட இடத்தில் வாய்ப்பேச்சைப் பிடிக்க வேண்டும். இதற்கு முன்னோடியும் நீலகிரியில்தான் வேலை பார்த்திருக்கிறார். டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1901-02-ல் இந்த மலைகளில் தங்கி, எழுத்து வழக்கமே இல்லாத தோடர்களிடம் கேட்டுக் கேட்டு அவர்களுடைய வம்சாவளிகளைப் பல தலைமுறைக்கு எழுதி எடுத்தார். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்ப்பதுதான் அவர் முறை. பின்னாளில், 1917-ல், அதே ரிவர்ஸ் ஸ்காட்லாந்தில் ஒரு மருத்துவமனையில், போரில் மனம் உடைந்த அதிகாரிகளைப் பேசவைத்தே குணப்படுத்த முயன்றார். கவிஞர் சீக்ஃபிரீட் சாசூன் அவர்களில் ஒருவர். தேயிலை எஸ்டேட்களில் அவர் முறை இன்றும் பலிக்கும். அண்ணன் பட்டாளத்துக்குப் போன வருஷம் தங்கைக்கு ஞாபகம் இருக்காது. அந்த வருஷம் தன் பெயர் செக்ரோல் என்ற தோட்டத்து ஆள் பதிவேட்டில் ஏறியது, யார் மேஸ்திரி, மூத்த பிள்ளைக்கு எத்தனை மாசம் என்பது மறக்காது. அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பேசப்படாத ஒரு போர்

1947-க்குப் பிறகு செத்தவர்களைத் தேடுவது சுலபமாக இருக்க வேண்டும். டெல்லி தேசியப் போர் நினைவிடத்தில், 2019-ல் திறந்தபோதே, 25,942 பெயர்கள் கல்லில் இருந்தன. சாதாரணச் சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் ஒரே அளவு கல். பாஸ்ராவோடு ஒப்பிட்டால் எத்தனை தூரம் வந்திருக்கிறோம்!

ஆனால் தமிழ்நாட்டுக்கு ஒரு போர் தொண்டையில் சிக்கியிருக்கிறது. 1987 முதல் 1990 வரை இலங்கைக்குப் போன அமைதிப்படையில் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆட்களும் போனார்கள்; தமிழ் பேசும் சிப்பாய், தமிழ் பேசும் ஊரில், தமிழ் பேசுகிறவரோடு சண்டையிட்டுச் செத்தார். 1990 மார்ச்சில் கடைசிப் படைகள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அவருக்கு அதற்கு ஓர் அரசியல் நியாயம் இருந்தது, தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அதை ஏற்றும் கொண்டார்கள். அந்த நியாயத்துக்கும் துறைமுகத்துக்கு வராமலே போன சிப்பாயின் தாய்க்கும் என்ன சம்பந்தம்? அவர் எந்த மேடையிலும் ஏற்றப்படவில்லை. மகன் எங்கே, எப்படி இறந்தான் என்று உரக்கக் கேட்கவும் அவருக்குக் கூச்சமாகிவிட்டது. தாங்காவில் இறந்தவரைப் பற்றி எழுதியவன் புளுகினான். இலங்கையில் இறந்தவரைப் பற்றி யாரும் எழுதவே இல்லை.

இங்கே காலம் ஒரு பிரச்சினை. ஓய்வூதியம் இல்லாமல் விலகிய சிப்பாயின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிட ராணுவ விதிமுறை அனுமதிக்கிறது. குடும்ப ஓய்வூதியம் ஓடிக்கொண்டிருந்தால் கோப்புக்கு ஆயுள் அதிகம். எது போனாலும் 'லாங் ரோல்' எனப்படும் நீண்ட பதிவேடு நிரந்தரம்: நம்பர், பெயர், ஊர், சேர்ந்த நாள், பட்டாளத்தை விட்டு நீங்கிய நாள், நீங்கிய காரணம் ஆகிய அளவில் ஒரு வரி. உறவுமுறையைக் காட்டி எழுதிக் கேட்டால் அந்த வரியையாவது பெற முடியும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக எழுதினால் கடிதம் சரியான வாசலுக்குப் போய்ச் சேரும். அமைதிப்படையில் இறந்த சிப்பாய்களின் மனைவிகளுக்கு இப்போது அறுபது வயதை ஒட்டி இருக்கும். உடன் சண்டையிட்டவர்கள் ஓய்வு பெற்று ராணுவ கேன்டீன் வரிசையில் மாதாமாதம் நிற்கிறார்கள். கடைசியாக அவரைப் பார்த்தவர் யார் என்று அந்த வரிசையில் கேட்கலாம். பர்மாவுக்குப் போனவர்களைப் பற்றி அப்படிக் கேட்க இனி ஆள் கிடையாது.